அறுபது அடி

மா ஆலையின் தராசு மேடையில்
எனக்கு இரவு முறை.
லொறிகள் ஓய்ந்த இரண்டு மணிக்கு
ஹில்மியும் டெரிக்கும் எஸ்கோட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்;
ஸ்டார்ட் பண்ணினால் குடா முழுக்க எழும்பும்.

முன் அச்சு நானூற்று நாற்பது.
பின் அச்சு முன்னூற்று நாற்பது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
என்றாலும் போதும்:
உதைப்பது பின்சில்லு,
பாரம் கிடப்பது மூக்கில்.

எழுபத்திரண்டில் கப்பலால் இறங்கிய கார்.
என்னிலும் பதினொரு வயது மூப்பு.
இரண்டு வருடம் அதன் நெஞ்சையே பிளந்து பார்த்தோம்:
காபரேட்டர் ஜெட், கேம், சைலன்சர் குழாய்,
ஹில்மியின் சீட்டுக்காசு, என் வளையல் ஒன்று.
பதினேழு தசம் ஐந்து ஆறு செக்கன்.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றது,
கிணற்றடியில் ஆடு நிற்பதுபோல.

கால் மைலின் கடைசி முனையையே
கதைத்துக்கொண்டிருந்தோம்.
முதல் அறுபது அடியை,
இரண்டு வள்ளத்து நீளத்தை,
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சீனக்குடாவில், எண்ணெய்க் குதங்களுக்குப் பின்னால்
ஆளில்லாத் தார்ப்பாதை.
ஞாயிறு ஆறிலிருந்து ஏழரை வரை
கடிதத்தில் அனுமதி.
ஓட்டுவது நான்.
திறமையால் இல்லை;
மூவரிலும் நான்தான் நாற்பத்தெட்டு கிலோ.

ஐயாயிரம் சுற்றில் கிளச்சை விட்டேன்.
புகை. ரப்பர் மணம்.
பின்பக்கம் கோழி கிளறுவதுபோல் துள்ளியது.
டெரிக் தாரில் குப்புறப் படுத்து
கைப்பேசியில் அடிவயிற்றைப் படம்பிடித்தான்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்:
பட்டை வில் இரண்டும்
முறுக்கிப் பிழிந்த சாரம்போல் வளைந்து,
நிமிர்ந்து, மறுபடி வளைந்து.
உந்தவேண்டிய விசையெல்லாம்
அங்கேயே நெளிந்து செத்திருக்கிறது.

பாலையூற்றில், தன் வெல்டிங் பட்டறையில்,
பழைய இழுவைப்படகின் குழாயை வெட்டி
அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில்
இரண்டு முட்டுக் கொடுத்தான் டெரிக்.
பாட்டரி டிக்கிக்குப் போனது.
பின் டயரில் முப்பது இருந்த காற்றைப்
பதினெட்டாக்கினான் ஹில்மி.

அந்தக் கிழமை, கோட்டை வாசலில்,
பஸ் ஹோனுக்கு வெருண்டு பாய்ந்த மானைக் கண்டேன்.
பாயுமுன் அது பின்னால் குந்தியது,
கண்ணிமைக்கும் அளவு.
சொன்னேன்.
"மானுக்கு டிஃபரன்ஷல் இல்லையே, வசு" என்றான் ஹில்மி.
ஆனாலும் போய் முன் ஷொக்கை இளக்கினான்.

மறு ஞாயிறு.
கச்சான் காற்று கன்னியாப் பக்கமிருந்து
அடுப்பு ஊதுவதுபோல் வந்தது;
சூட்டில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும் என்று தெரியும்.
மூவாயிரத்து அறுநூறு சுற்று, அதற்குமேல் இல்லை.
கிளச்சை விடவில்லை;
புண்ணில் ஒட்டிய துணியைக் கழற்றுவதுபோல்
இழைய விட்டேன்.
புகையே இல்லை. சத்தமும் குறைவு.
தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்,
தலை இருக்கையில் மோதும்வரை.

அறுபது அடி: இரண்டு தசம் நான்கு எட்டு.
கால் மைல்: பதினாறு தசம் ஒன்பது நான்கு.
டெரிக் தன் செருப்பைக் குதத்தின்மேல் எறிந்தான்.
ஒன்று திரும்பி வரவில்லை.

பிறகுதான் டிக்கியைத் திறந்தோம்.
மாமியாருக்கென்று அவன் வாங்கிய இறால்,
ஐஸ் பெட்டியோடு பன்னிரண்டு கிலோ,
பின் அச்சுக்கு நேர் மேலே.
தராசு மேடைக்குத் தெரியாத பாரம்.

இறக்கிவிட்டு ஓடினேன்:
பதினேழு தசம் பூச்சியம் மூன்று.

காற்றா, இறாலா?
காற்று என்றான் ஹில்மி.
ஒற்றைச் செருப்போடு நின்ற டெரிக்
பேசாமல் பெட்டியை மறுபடி தூக்கி வைத்தான்.
ஏழு இருபத்திரண்டு. காவலாளி
தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுகிறான்.
டிக்கியின் மூலையால்
ஐஸ் தண்ணீர் தாரில் சொட்டுகிறது.
சொட்டுக்கு எத்தனை கிராம் என்று
கணக்குப் பார்க்கிறேன்,
கிளச்சில் கால் வைத்தபடி.