தாளில் இல்லாத இடம்

சிங்கராஜக் காட்டுக்குத் தொண்டுக்குப் போன துளசிகா
அட்டை கடித்த கணுக்காலைப் படமெடுத்து அனுப்புகிறாள்.
அங்கே வானமே தெரியாதாம்.
மழை விட்டு வெகுநேரமான பிறகும்
இலைகள் பெய்துகொண்டே இருக்குமாம்.
"உங்கட பக்கம் காடு இருக்கோ?" என்று கேட்டு
ஒரு சிரிப்பும் போட்டிருந்தாள்.

இருக்கு.
என் இடுப்பளவு.
சரசாலைத் தரவையில், உப்புப் பூத்த சேற்றில்,
மூச்சுவிட வேர்நுனிகளை மேலே நீட்டியபடி
நிற்கிற கண்டல் காடு.
இங்கே வானம் தவிர வேறொன்றும் தெரியாது.

தை ஞாயிறு, காலை ஐந்தேமுக்கால்.
கிழமை நாட்களில் மின்சாரசபை யன்னலுக்குப் பின்னால்
காசு எண்ணுகிற பெருவிரலால்
இன்றைக்கு எண்ணுபொறியை அழுத்துகிறேன்.
யதுகிரி மிஸ் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது
எனக்கு வந்தவர் செபமாலை அண்ணை.

அவரைச் சேர்த்ததில் சிலருக்கு விருப்பமில்லை.
ஆறு வருசத்துக்கு முன்புவரை
இதே தரவையில் கண்ணி வைத்தவர்.
மிருசுவில் சந்தியில், இருட்டின பிறகு, உரப்பையில்,
சோடி இன்ன விலை என்று விற்றவர்.
அந்த விலையை இப்பவும் கூச்சமில்லாமல் சொல்வார்.
ஏன் விட்டனீங்கள் என்று கேட்டால்
"முழங்கால்" என்பார். அவ்வளவுதான்.

பயிற்சி வகுப்பில் சொன்னபடி
பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போனேன்.
ஊசிவால் வாத்துகள்.
தலையைத் தண்ணிக்குள் கவிழ்த்து
வாலை மட்டும் வெளியே விட்டிருந்தன.
இருநூற்று நாற்பதில்
பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தது.

தரவை முழுக்க எழும்பியது.
நூறு பாயை ஒன்றாய் உதறினமாதிரிச் சத்தம்.
என் கையில் எண்ணுபொறி,
அதில் ஒன்றுக்கும் உதவாத ஒரு இலக்கம்.

"நூற்றைம்பத்தாறு சோடி" என்றார்.
"இருக்கேக்கை எண்ணேலாது பிள்ளை.
எழும்பேக்கைதான்."
அவருடைய கைகள் மடியில் கிடந்தன.
விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன,
ஒரு கயிற்றை இழுக்கப்போவதுபோல.

படிவத்தில் சோடிக்கு நிரல் இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
நம்பினேனோ தெரியாது.
மிஸ் எடுத்த படத்தில் பிறகு புள்ளி வைத்து எண்ணினோம்,
முந்நூற்று ஒன்பது.
"மூண்டு உங்கட படத்துக்கு வெளியாலை" என்றார்.

திரும்புகிற வழியில்
தில்லைகளுக்குப் பின்னால்,
பால் பட்டால் கண் போய்விடுமென்று
ஒருத்தரும் நுழையாத மூலையில்,
கரண்டிவாயன் கூடுகள்.
பதினொன்று.
குஞ்சுகளுக்குக் கரண்டி இன்னும் வரவில்லை.
என்னவாகிறதென்று முடிவெடுக்காத
குட்டை அலகுகள், எங்களைப் பார்த்துத் திறந்தன.

கை நடுங்க, வரைபடச் சதுரத்தில்
புள்ளி வைக்கப் போனேன்.

"இந்தத் தாள் ஆரிட்டைப் போகும்?"
மிஸ்ஸிட்டை. பேந்து கொழும்புக்கு.
பேந்து கணினியில் ஏத்துவினம்,
எல்லாரும் பாக்கலாம்.
"எல்லாரும்" என்று அவர் திருப்பிச் சொன்னார்.
தில்லை இலையொன்றைப் பிய்க்காமல் விலக்கிவிட்டு,
"அப்ப என்னட்டை உப்பிடி ஒரு தாள் இருந்திருந்தால்
நான் ஏன் முழங்கால் தேயத் திரிஞ்சிருக்கப் போறன்?"

கூடுகள்: பதினொன்று.
இடம்: ஒரு கோடு கிழித்தேன்.
மிஸ் கேட்டால் வாயால் சொல்லலாம்.

பஸ்ஸுக்கு நிற்கையில்
துளசிகாவுக்குப் பதில் அனுப்பினேன்.
முழங்கால்வரை கறுத்த சேறு காய்ந்து வெடித்த
என் கால்களின் படம்.
பின்னால் ஒன்றும் விழாதபடி
பார்த்து எடுத்தேன்.