பட்டை

நாகலூர்த் தோட்டத்து மேற்கெல்லையில்
யாரோ ஒரு சில்வர் ஓக்கின் பட்டையை
இடுப்புயரத்தில் ஒரு சாண் அகலம்
சுற்றிலும் உரித்திருக்கிறார்கள்.
மிளகுக்கொடியை மட்டும் பத்திரமாய் விலக்கிவிட்டு.

வெட்டவில்லை. வெட்டினால் வழக்கு வரும்.

"பச்சையாத்தான இருக்கு" என்றாள் வெள்ளச்சி, அண்ணாந்து.

பச்சைதான்.
நீர் ஏறும் குழாய்கள் உள்ளே, கட்டையில்.
செத்த பிறகே வேலைக்குச் சேரும் செல்கள் அவை,
அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.
இலைகளின் அடிப்புறத்தில்
கோடி வாய்கள் திறந்து மூட
மிடறு மிடறாய் மேலே போகிறது ஏற்காட்டு மழை.

இலை சமைக்கிறது.
வழக்கம்போல் கீழே அனுப்புகிறது.
இறங்கும் வழி பட்டையில் இருந்தது.

காயத்தின் மேல்விளிம்பில் இப்போது
உதடுபோல் ஒரு வீக்கம்:
போய்ச் சேராத சர்க்கரை.

வேர்களோ
பழைய சேமிப்பைத் தின்றுகொண்டு
பாறை இடுக்கில் நுனி நுனியாய்த் துழாவி
இன்னும் நீர் அனுப்புகின்றன,
தம்மைப் பட்டினி போடும் மரத்துக்கு.
மரம் பட்டினி போடவில்லை என்று
யார் போய்ச் சொல்வது?

அடுத்த கோடை தாண்டாது என்றேன்.

வெள்ளச்சி கூடையை இறக்கிவிட்டு
அந்த வீக்கத்தைத் தொட்டாள்.
பிறகு கொடியைப் பார்த்தாள்.
நிறையச் சரம் விட்டிருந்தது.