விரக்கடை

கேள்வி இருபத்து மூன்று:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உங்களுக்குக் கிடைத்த மருத்துவத்தின் தரம்.
மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று.
ஒன்றைத் தொடாமல்
டேப்லெட் அடுத்த கேள்விக்கு நகராது.

பெரியபட்டினத்தில் கச்சான் காற்று
வாசல்வரை மணலைக் கொண்டுவந்து போட்டிருந்தது.
சக்கர நாற்காலியில் சேகு நைனா.
பதில் சொன்னது அவர் மச்சான்:
"பரவாயில்லன்னு போடும்மா.
மாசாமாசம் காசு வருதுல்ல."

அதற்கும் ஒரு கட்டம் உண்டு படிவத்தில்.
பதிலளிப்பவர்: வேறொருவர்.
தொடப் போனேன்.

"இடுப்புக்குக் கீழதான் தங்கச்சி செத்துப்போச்சு.
நாக்கு மேலதான இருக்கு."

சங்கு குளித்தவர்.
மூச்சை எண்ணிச் செலவழித்துப் பழகியதால்
பேச்சும் அப்படித்தான், விட்டு விட்டு.
ஒன்பது பாகத்தில் ஒருநாள் குழாயில் காற்று அடைக்க
விருட்டென்று மேலே வந்திருக்கிறார்.
வள்ளத்தில் ஏறி பீடி பற்றவைத்தார்.
பாதி பீடியில் கால் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: குடிச்சிருந்தியா?
இரண்டாவது கேள்வியை
ஜெய்த்தூனைப் பார்த்துக் கேட்டார்கள்:
இவர் பேசுவாரா?

"கடல் எவ்வளவு ஆழம்னா கயிறு சொல்லும்.
நீ சொல்ற அஞ்சுல எது ஆழம்?"

பயிற்சியில் சொல்லித்தந்தபடியே விளக்கினேன்.
கேட்டுக்கொண்டே
நாற்காலிக் கைப்பிடியில் சுற்றியிருந்த
நைலான் கயிற்றை அவிழ்த்தார்.
அங்கங்கே முடிச்சு. முடிச்சில் துணிக்கிழிசல்.

"இது டாக்டர் படுக்கச் சொல்ற மேசை. நாலு சாண்.
இது நான் உக்காந்திருக்கிற உசரம். ரெண்டே கால்.
மிச்சத்துக்கு மூணு ஆளு வேணும்.
ஆளு இல்லாத அன்னைக்கு
முதுகுப் புண்ணை யாரும் பாக்கிறதில்ல,
எப்படி இருக்குன்னு என்னையே கேப்பாங்க.
என் முதுகை நான் எங்க கண்டேன்?"

நீலக் கிழிசல், கழிப்பறைக் கதவு.
வண்டியின் அகலத்துக்கு
இரண்டு விரக்கடை குறைவு.
"அதனால அங்க போறதுக்கு
முந்தின ராத்திரியே தண்ணிய நிறுத்திருவேன்."

சிவப்புக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"இவன் மக நிக்காஹ் நடந்த மண்டபம். ஏழு படி.
பையனை விட்டு அளந்தது.
பத்திரிகை வீட்டுக்கு வந்துச்சு.
பிரியாணியும் வீட்டுக்கே வந்துச்சு,
தூக்குச்சட்டியில, கறி நெறைய வச்சு."

"தூக்கிட்டுப் போறோம்னு சொன்னோம்ல மச்சான்."

"நான் என்ன சங்கு மூட்டையா?"

ஜெய்த்தூன் உள்ளே போய்
அடுப்பில் இல்லாத எதையோ கிளறினாள்.

'பிற' என்ற கட்டத்தில் எழுதினேன்.
நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
மேசை, கதவு வரை எழுதினேன். படிக்கு இடமில்லை.
இரவு ராமநாதபுரம் லாட்ஜுக்கு
மேற்பார்வையாளரின் செய்தி வந்தது:
அலகு பொருந்தவில்லை.
சென்டிமீட்டரில் தரவும் அல்லது நீக்கவும்.

என் விரலைப் பார்த்தேன்.
அது பேனா பிடித்த விரல்,
அதன் கணக்கு அவருக்குச் செல்லாது.

மறுநாள் முதல் பஸ், கையில் ஸ்கேல்.
"எதுக்கு?"
"உங்க விரலை அளக்கணும்."

கைப்பிடிமேல் நீட்டி வைத்தார்.
உப்பில் வெடித்த நகம்.
இரண்டு சென்டிமீட்டர், ஒரு நூல் கூடுதல்.
"கூட்டியும் போடாத, கொறச்சும் போடாத," என்றார்.

அப்படியானால் நாலு சென்டிமீட்டர் சொச்சம்.
அதற்கு ஒரு ராத்திரித் தண்ணீர்.

கேள்வி இருபத்து மூன்று அப்படியே இருக்கிறது.
வெளியே வந்தபோது மச்சான் வழிமறித்தார்.
ஏழு படியும் சேர்த்து
மொத்த உயரம் எவ்வளவு வரும் என்றார்.
எதற்கென்று சொல்லவில்லை.
படிவத்தில் இல்லை,
நானும் கேட்கவில்லை.