காரணம்: முட்டை

ஆடிக்காற்றில் பணகுடிக்கு வடக்கே
வேப்பங்கொப்பு ஒன்று லைனில் சாய்ந்த அன்று
புகார்ப் பதிவேட்டில் நாற்பத்தோரு வரிகள்.
ஐஸ் பெட்டி, மோட்டார், பரீட்சை, மூச்சு மெஷின்.
முப்பத்திரண்டாம் வரியில்
தங்கபுஷ்பம், ரோஸ்மியாபுரம் சாலை. காரணம்: முட்டை.
ஆபீஸ் பையன் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தான்.
அது என் வீடு என்று நான் சொல்லவில்லை.

மலையோரக் காற்றாலைகள் அத்தனையும்
சுற்றிக்கொண்டுதான் இருந்தன.
அந்தக் கரண்ட் எங்கோ போய்க்கொண்டிருந்தது,
எங்கள் தெருவைத் தாண்டி.

பத்தொன்பது மணி நேரம்
கம்பம் கம்பமாக நான் ஏறி இறங்க,
வீட்டில் அவள்
சர்பத் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி
என் பழைய காக்கிச் சட்டையின் கைகளுக்குள் நுழைத்து
உவரியிலிருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில்
பதிமூன்று முட்டைகளுக்கு நடுவே
வைப்பதும், ஆறியதை எடுப்பதுமாக.
தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோனது ஒன்பதாம் நாள்.
அதற்குப் பிறகு அறுபது வாட் பல்புதான் தாய்.
பதினாறாம் நாள்
சுவிட்சை இறக்கி அதையும் அணைத்தவன் நான்.

இருபத்தொன்று. ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு. மொபைல் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தோம்.
சிலதில் வெறும் மஞ்சள் வெளிச்சம்,
சிலதில் அசையாத கறுப்பு.
"நாறுறதுக்குள்ள எடுத்துப் போட்டிருவோம்" என்றேன்.
"இன்னைக்கு ராத்திரி இருக்கட்டும்."

ராத்திரி இரண்டேகாலுக்கு
ஓட்டுக்குள்ளிருந்து ஒரு 'டிக்'.
டிரான்ஸ்ஃபார்மர் பொறி தெறிப்பதற்கு முன்
அப்படி ஒரு சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன்.
இதற்கு ஓடவில்லை.

நாலு தானாக வந்தன.
ஐந்தாவது
மிளகளவு துளை போட்டு
அலகு நுனியை வெளியே நீட்டி
அப்படியே நின்றுவிட்டது.
விடிந்தது. மத்தியானமும் ஆனது.
உள்தோல் காய்ந்து காகிதமாகி அதன் மேல் ஒட்டிக்கொண்டது.
நகத்தால் உரிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.
"ரத்தம் ஓடுது பாருங்க. இப்ப உரிச்சா செத்துரும்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மயிரிழையாகச் சிவப்பு.
இருபத்தாறு வருஷத்தில்
சப்ளை இருக்கிறதா என்று பார்க்காமல்
ஒரு கம்பியைத் தொட்டதில்லை நான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்து
துளையின் விளிம்பை ஈரமாக்கிக்கொண்டே இருந்தோம்,
மூக்குக்குள் சொட்டு விழாமல்.
சாயங்காலம் சிவப்பு வெளிறியது.
அப்போதுதான் அவள் ஊக்கு நுனியால்
மேல் ஓட்டை மட்டும் தொப்பி போலக் கழற்றினாள்.
"மீதிய அதுவே பாத்துக்கிடட்டும்."

பார்த்துக்கொண்டது. ஆனால்
கால்கள் இரண்டும் இரண்டு ஊருக்குப் போயின,
ஒன்று வள்ளியூருக்கு, ஒன்று காவல்கிணற்றுக்கு.
என் பையில் இருந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பில்
பசை தோலில் படாமல் பஞ்சு வைத்து
எட்டு வடிவில் ஒரு விலங்கு போட்டேன்.
கருப்பட்டித் தண்ணீரில் அலகு நனைய ஒரு முக்கு.
பேப்பரில் வழுக்கும் என்று சாக்கின் மேல் விட்டோம்.
விழுந்தது. விழுந்தது. மூன்றாம் நாள்
விழாமல் நின்று,
நின்ற அதிர்ச்சியிலேயே பீய்ச்சியது.

மீதி எட்டை முருங்கை மூட்டில் புதைத்தேன்.
எது எந்த மணிக்குப் போயிருக்கும்?
அந்தப் பத்தொன்பது மணி நேரத்தில்
நான் டீ குடித்த கால்மணி நேரமும் உண்டு.
பதிவேட்டில் முப்பத்திரண்டாம் வரிக்கு எதிரே
'சரிசெய்யப்பட்டது' என்று
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து.
சுவிட்சடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன்.
"எடுக்கட்டா?"
பின்னால் கீச்கீச்சென்று ஐந்து வாய்.
"எடுங்க" என்றாள்,
"வெயில் நல்லாத்தான் அடிக்கு."