ஒன்று கூடுதல்

குரோசே தீவிலிருந்து அக்கரைக்கு
இருபத்தேழு நிமிடம்.
பலகையில் கால் வைக்கும் தலை ஒவ்வொன்றுக்கும்
கட்டைவிரலால் ஒரு சொடுக்கு.
என் உத்தியோகம் அவ்வளவுதான்.

மூன்று பள்ளிப் பிள்ளைகள்,
மருத்துவமனைக்குப் போகும் ஹமானோ தம்பதி,
ஆரஞ்சுப் பெட்டிகளோடு நிஷிகி,
தபால்காரர், அவர் சைக்கிள்.
சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, தலைக்கணக்கில் வராது.
ஆக ஏழு.
கருவி எட்டு என்றது.

பிப்ரவரி முழுக்க எட்டு.
உதறிப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன்.
பத்துப் பேர் வந்த நாளில் பதினொன்று.
புயலுக்கு மறுநாள் யாருமே வரவில்லை, ஒன்று.
வெறும் படகை ஓட்ட வேண்டுமா என்றார்
கேப்டன் முராகோஷி.
எண்ணைக் காட்டினேன்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

இடப்பக்கம், ஜன்னலோரம், நான்காவது இருக்கை.
மூச்சுப் படும் உயரத்தில் கண்ணாடியில்
காசளவு ஆவி
படியும், கலையும், படியும்.
துடைக்கப் போன துணியோடு நின்றுவிட்டேன்.
ஆவிக்குள் விரல் இழுத்த ஒரு கோடு.
அவள் அப்படித்தான் மீன் வரைவாள்,
வாலில் தொடங்கி.

நாகிசா சாகவில்லை.
இதைச் சொல்லிவிட வேண்டும்,
கேட்பவர்கள் உடனே கைகூப்பிவிடுகிறார்கள்.
செண்டாயில் இருக்கிறாள். கார் இன்சூரன்ஸ் விற்கிறாள்.
பதினெட்டு வயதில் இதே படகில் போனாள்,
ஒரு மூட்டை, ஒரு ரைஸ் குக்கர்.
வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாள்.
எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வெள்ளிகள்.

நகராட்சியில் ஒரு விதி உண்டு:
நாளுக்குச் சராசரி எட்டுத் தலை தேறாவிட்டால்
படகு நிறுத்தப்படும்.
மாதா மாதம் தாளை நிரப்பினேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
நான் கடலில் போட்டேன், அளந்துதான்:
எட்டு, எட்டு, எட்டு.
பொய் எழுதியதாக நினைக்கவில்லை.
வராதவள் வந்துகொண்டிருந்தாள்.
அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை,
ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது.
ஹமானோ அம்மாள் மட்டும் ஒருநாள்
உரித்த ஆரஞ்சில் பாதியை அங்கே வைத்தாள்.
அக்கரை சேர்ந்தபோது
வெள்ளை நார் மட்டும் கிடந்தது,
உருண்டையாகச் சுருட்டி.

அக்டோபரில், திரும்பும் மாலைப் படகில்,
சாம்பல் கோட்டு அணிந்த பெண் ஏறினாள்.
காதருகே நரை.
"நீ இன்னும் இங்கேதானா" என்றாள்.
சொடுக்கினேன்.
எண் நகரவில்லை.
மறுபடியும்.
முட்டாள்தனமாக, அவள் முகத்துக்கு நேரே,
மூன்றாம் முறை.

வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.
வீட்டை விற்க வந்திருக்கிறாள்,
முத்திரை பதிக்க இரண்டு தாள் பாக்கி.
எதிர்ப்பக்கக் கண்ணாடி
அன்றுதான் துடைத்ததுபோல் இருந்தது.
மீன் வரைவாயே, வாலில் தொடங்கி, என்றேன்.
யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.
"அது வேறு யாராவதாக இருக்கும்" என்றாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

மறுநாள் காலை ஏழு பேர். கருவியும் ஏழு.
அதற்கு மறுநாளும் கணக்கு நேர்.
இத்தனை ஒழுங்காக அது என்றைக்கும் இருந்ததில்லை.
மாதக் கடைசியில் ஏழு என்றே எழுதினேன்.
முராகோஷி பார்த்தார், ஒன்றும் சொல்லாமல்
பேனாவை என் பக்கம் திரும்பத் தள்ளினார்.
எட்டு எழுதக் கை வரவில்லை.
மார்ச்சோடு படகு நிற்கிறது.

நேற்று இரவு செண்டாயிலிருந்து ஒரு செய்தி.
நம்பரை எப்படிப் பிடித்தாளோ.
"காரில் நான் மட்டும்தான்.
பக்கத்து இருக்கைக்கு
சீட் பெல்ட் போடு, போடு என்று
ஊரிலிருந்து வந்த நாள் முதலாய்க் கத்துகிறது.
மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டான்.
யாரும் இல்லை என்று இதற்கு எப்படிச் சொல்வது?"

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
பெல்ட்டை மாட்டிவிடு.