ஒற்றைப்படை

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலை
டிராக்டர் எஞ்சினை மேடையில் பூட்டி
ஓடவிட்டுப் பார்ப்பது.
மூன்று சிலிண்டர், ஒரே வரிசை.
முன்னால் மூக்கைத் தூக்கும், பின்னால் அழுத்தும்,
திருவொற்றியூர் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி.
பக்கத்து மேசையில் டீ கிளாஸை வைத்தால்
தானே நடந்து ஓரம்வரை போய்
எட்டிப் பார்க்கும்.

அமலி கப்பலில் மூன்றாம் எஞ்சினியர்.
அவளுடையது ஏழு.
ஒவ்வொன்றும் எங்கள் காசிமேட்டு
வாடகை வீட்டு மாடிப்படி உயரம்.
ஒன்று ஏழு இரண்டு ஐந்து நான்கு மூன்று ஆறு:
அவை வெடிக்கும் முறை அது.
முதல் சந்திப்பில் போன் நம்பர் கேட்டேன்,
இதைத்தான் உள்ளங்கையில் எழுதினாள்.
மூணு நம்பர் குறையுதே என்றேன்.
"அது உங்கிட்ட இருக்குல்ல?"

கல்யாணத்தில் மொய் வைத்தவர்கள் எல்லாம்
நூற்றொன்று, ஐந்நூற்றொன்று.
வெறும் ஆயிரம் நீட்டிய சத்தியசீலனை
அவள் பெரியம்மா
ஒரு ரூபாய் தேடிவர அனுப்பினாள்.
இரட்டையில் நின்றால்
கணக்கு முடிந்துவிடுமாம்.

போன செவ்வாய் ஒரு வாய்ஸ் மெசேஜ்.
பேச்சே இல்லை,
நாற்பது நொடி எஞ்சின் மட்டும்.
எண்ண முடியாத வேகம்.
ஆனால் சுற்றுக்கு ஒரு நொண்டல்.
ஒன்று அடிக்கவில்லையே, எது? என்று கேட்டேன்.
"அஞ்சு. டீசலை மூடிட்டோம்.
பினாங்குலேர்ந்து ஆறுலதான் வர்றோம்.
யார் சொன்னா உனக்கு?"

பதிலுக்கு என் மூன்றை அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
பிறகு:
"பின்னாடி மழை பெய்யுது.
இது சித்திரை.
எத்தன நாளா வேலையில்ல?"

பத்தொன்பது.
அதுவும் ஒற்றைப்படைதான் என்று எழுதி
அழித்தேன்.

இன்று இரவு அவள் கப்பல் வெளியே நிற்கிறது.
உள்ளே வர இடம் கிடைக்கவில்லை.
பெரிய எஞ்சின் தூங்குகிறது.
ஐந்து சிலிண்டர் ஜெனரேட்டர் ஒன்று
அத்தனை விளக்கையும் தாங்குகிறது என்றாள்.
அதில் எது அவளுடையது என்று தெரியாமல்
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் சுவரின் மேல்
டீ கிளாஸ் அசையாமல் இருக்கிறது.
விரலால்
கொஞ்சம் கொஞ்சமாக
ஓரத்துக்கு நகர்த்துகிறேன்.