எடை, வயது, திறமை

காலை எட்டு மணிக்கு, பக்கூரியானியில்,
என் வாடகைக் கடைக் கதவைத் தள்ளி வருகிற எல்லோரிடமும்
வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவேன்:
எடை எவ்வளவு?

நாலு கிலோ குறைத்துச் சொல்வார்கள்.
எப்படிச் சறுக்குவீர்கள் என்றால்
பத்து வருடம் கூட்டிச் சொல்வார்கள்.
ஒரு பொய் பூட்டைத் தளர்த்தும், மற்றது முறுக்கும்.
இரண்டும் கழிந்து சரியாகிவிடும் என்று
தயவுசெய்து யாரும் கணக்குப் போடாதீர்கள்.

காலணியை ஸ்கீயோடு சேர்த்துப் பிடிக்கும் பூட்டு அது.
உள்ளே ஒரு சுருள்வில், வெளியே ஒரு திருகு,
நகக்கண் அளவு ஜன்னலில் ஓர் எண்.
பிடித்துக்கொள்வது பெரிய காரியமில்லை.
ஆணிகூடப் பிடித்துக்கொள்ளும்.
எலும்பு முறிய ஒரு நொடி இருக்கும்போது
விட்டுவிடத் தெரியவேண்டும்.
அதற்குத்தான் இந்த அட்டவணை,
அதற்குத்தான் என் கூச்சமில்லாத கேள்விகள்.

ஜும்பேருக்கு ஆறரை வைத்தேன்.
"குழந்தைக்கா?" என்றான்
பக்கத்தில் நின்றவளைப் பார்த்தபடி.
லிஃப்ட் வரிசையில் நின்றுகொண்டு
இருபது தெத்ரி நாணயத்தால்
அவனே திருகியிருக்கிறான், ஒன்பதுக்கு.

மூன்று மணிக்கு மேல் மலையின் நிழல் சரிவில் விழும்.
பகலில் இளகிய பனி கண்ணாடியாக இறுகும்.
தொடை கெஞ்சுவது காதில் விழாதவர்கள்
"கடைசியாக ஒரு தடவை" என்று சொல்லும் நேரம்.

பெரிய விழுதல் இல்லையாம்.
தூங்கிச் சாய்வதுபோல மெல்லத்தானாம்.
உடம்பு ஒரு பக்கம் திரும்ப
ஸ்கீ திரும்பமாட்டேன் என்றது.
நடுவில் முழங்கால்.

ஸ்கீகளைத் திருப்பித் தர எலிசோ வந்தாள்.
பூட்டுக்குள் இன்னும் பனி கரைந்து சொட்டியது.
"இது ஏன் கழலவில்லை?"
திருகின் தலையில் நாணயம் கீறிய புது வெள்ளி.
"கழலாதே என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றேன்.
யார் என்று அவள் கேட்கவில்லை.
முன்பணத்தை எண்ணித் தந்தேன்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

கடையைச் சாத்திய பிறகு
சுவரில் தொங்கும் என் ஜோடியை இறக்கினேன்.
ஏழரை. எட்டு வருடமாக ஏழரை.
ஒரு சீட்டை எடுத்து எடை எழுதினேன், உள்ளபடி.
வயது என்ற இடத்தில் பேனா நின்றது.
போன மார்ச்சில் ஐம்பது முடிந்தது.
ஐம்பதுக்கு மேல் ஒரு படி இறங்கு என்கிறது அட்டவணை.
தினமும் அடுத்தவர்களுக்கு
விரல் வைத்துக் காட்டுகிற வரிதான்.

நாற்பத்தொன்பது என்று எழுதினேன்.
அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அடித்தேன்.

ஸ்க்ரூடிரைவர் விறைத்துக் கிடந்தது.
அரைச் சுற்று. இன்னும் ஒரு கால் சுற்று.
காலணியை மாட்டி ஏறி நின்று
விளக்கை அணைக்காமலே
காலை வெளிப்பக்கம் முறுக்கினேன், இன்னும் கொஞ்சம், இன்னும்,

டக்.